வேன் கூரையில் பலாச்சுளை

எங்கள் மரம் காய்க்காத மரம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்று பில் எழுதிய கை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையால், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, "மேற்படி பலாமரம் காய்ப்பதில்லை, வெட்டுவதற்கு அனுமதி தரவும்" என்று எழுதி, கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இந்த நாட்டில் பலாமரத்தை நினைத்த மாதிரி வெட்டிவிட முடியாது. சொந்தக் காணியில் நின்றாலும் கிராம சேவகரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர் வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். அவர் எழுதி மேலே அனுப்பி, அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் மரத்தில் கத்தி படலாம்.

பொய்யா எழுதினாய் என்று கேட்டால், அப்போது அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. டவுனில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தெல்தெனிய போகிற பாதையில் ஒரு சரிவில் இருபது பேர்ச் காணி வாங்கி, வீடு கட்டி வந்த முதல் வருடம் அது. மரம் நாங்கள் வருவதற்கு முன்பே அங்கே நின்றது. காய்த்தது என்னவோ உண்மை. ஆனால் எங்கள் வாய்க்கு ஒன்றும் வரவில்லை. எல்லாம் குரங்குக்குப் போயிற்று. இரண்டு வாய் கடித்துவிட்டு மீதியை உருட்டி விடுவது அதுகளுக்கு விளையாட்டு. அப்படி உருட்டி விட்ட ஒரு பழம், மரத்தடியில் நிறுத்தியிருந்த எங்கள் வேனின் முன்கண்ணாடியில் நேராக வந்து விழுந்தது.

அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்காரர் காலையில் பல்லேகல ஆடைத் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். சாயந்தரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். கண்ணாடி நொறுங்கிய அன்று சீட்டில் சிதறிக் கிடந்த சுளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பேப்பர் எடு" என்றார்.

எங்கள் காணியில் வேன் இறங்கி நிற்கக்கூடிய தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் மரம் நிற்கிறது. மரம் போனால் வேனுக்கு ஒரு கொட்டகை போடலாம். நியாயமான பேச்சுத்தான். நானும் குரங்குகள் மேலிருந்த ஆத்திரத்தில் மடமடவென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மனுப் போட்டு மாதங்கள் ஓடின. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அரசாங்கக் கந்தோர் வேலை கந்தோர் வேகத்தில்தானே நடக்கும். தைப்பொங்கல் கழிந்தது. மரம் அடியிலிருந்து உச்சி வரைக்கும் பிஞ்சு பிடித்தது. ஒரு நாள் விடிந்ததும், குரங்குக் கூட்டம் வருவதற்கு முன்னால், கைக்கு எட்டிய ஒரு பிஞ்சைக் கறிக்காக அறுத்தேன். அறுத்துவிட்டு, என்னையறியாமல் சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் அப்படிப் பார்த்தேன் என்று எனக்கே ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் பிறந்தது ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில். அங்கேயும் பலாமரங்கள் உண்டு. ஆனால் எல்லாம் தோட்டத்து மரம். ஒரு காய் பறிப்பதென்றால் காவல்காரனைக் கேட்க வேண்டும். கேட்காமல் பறித்தால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், என் சொந்தக் காணியில் நின்றுகொண்டு, நான் காவல்காரனைத் தேடியிருக்கிறேன்! "அடி கிறுக்கி, இது ஒன் மரம்டி" என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கை முழுக்கப் பலாப்பால் ஒட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

அதற்குப் பிறகு இந்த மரத்தை வெட்ட விடுவதாவது! மத்தியானம், அந்தப் பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்து, அவர் இரண்டாவது முறை கறி போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்து பேச்சை எடுத்தேன்.

"இந்தாங்க, அந்த மனுவத் திருப்பி வாங்கிருங்க."

"எந்த மனு?"

"மரம் வெட்டுற மனு."

சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "நீதானே எழுதின?"

"எழுதினேன். இப்ப வேணாங்கிறேன்."

"அப்ப மரத்தடியில விட்டு மறுபடி கண்ணாடி ஒடஞ்சா? ஒன் மரம் வந்து மாத்திக் குடுக்குமா?"

இப்படித் தொடங்கிய பேச்சு, சோறு காய்ந்து கையில் ஒட்டும் வரை போயிற்று. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் பிரிவின் கிராம சேவகர் சின்ன வயதுப் பெண். எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "சரி. மிஸ் வந்து மரத்தப் பாக்குற நாளு வரைக்கும் ஒனக்கு டைம். ஒரு காய் கொரங்குக்குப் போகக் கூடாது. ஒரு காய் வேன் மேல விழக் கூடாது. ஒரு காய் அழுகிக் கெடக்கக் கூடாது. அம்புட்டையும் வீட்டுக்கு ஆகுற மாதிரி செஞ்சு காட்டு. ஒன்னு தப்பினாலும் வெட்டச் சொல்லிருவேன்."

"இம்புட்டுத்தானா?" என்றேன். என் வாய் அப்படி. சொல்லிவிட்டு வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணினேன். நாற்பத்தேழு.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒரு முற்றின காயை வெட்டினால் இரண்டு நாளைக்கு மூன்று வேளையும் அதையே தின்ன வேண்டும். பிஞ்சிலே கொஞ்சம் கறிக்கு ஆகும். அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். அவர்களுக்கும் ஆளுக்கொரு மரம் நிற்கிறது, வேண்டாம் என்று கும்பிடுகிறார்கள். மீதியைக் காய வைத்துச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கோ துணி மடிக்கத் தெரியும், பலாக்காய் காய வைக்கத் தெரியாது. வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி சிங்களம். என் சிங்களமும் அந்த லட்சணம்தான். ஆனால் இரண்டு பேருக்கும் வாய் நிற்காது என்பதால் விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். என்னை நங்கி என்பார், அதாவது தங்கச்சி; வீட்டுக்காரரை மல்லி, தம்பி.

"நங்கி, காய் முத்தணும். பழுக்க விடாத" என்றார். "சுளைய மெல்லிசா அரி. கொதிக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடு. மூணு வெயில் குடு. கையில அள்ளினா சலசலன்னு சத்தம் வரணும். கொட்டைய வீசாத. மணல்ல பொதச்சு வை, ஆறு மாசம் கெடாது."

முதலில் கொட்டைக் கதையைச் சொல்லிவிடுகிறேன், மானம் போனது போனதுதான். வீடு கட்டிய மேசன் பாஸ் மீதி வைத்துவிட்டுப் போன மணல் மூட்டை ஒன்று சுவரோரம் கிடந்தது. வீட்டிலேயே மணல் இருக்கும்போது தேடுவானேன் என்று, ஒரு பழைய பெயின்ட் வாளியில் அதைக் கொட்டி, முந்நூறு கொட்டையாவது இருக்கும், அலம்பிய ஈரத்தோடே அடுக்கடுக்காகப் புதைத்து மூடி வைத்தேன். பாஸ் அந்த மணலில் ஏற்கெனவே சீமெந்தைக் கலந்து வைத்திருந்தார் என்பது, ஒரு வாரம் கழித்துக் கறிக்குக் கொட்டை எடுக்கப் போய், கரண்டி வளைந்தபோதுதான் தெரிந்தது. வாளியைக் கவிழ்த்தால் கட்டியாக விழுகிறது. இரும்பு அலவாங்கை எடுத்துக் குத்தினேன், அலவாங்கு துள்ளியது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. "கொட்டைக்கும் வீடு கட்டிட்டியா நங்கி?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டியைத் தூக்கிப் போய், பாதையோரத்துச் சரிவில் வேன் சக்கரத்துக்கு அண்டை வைத்தார். "இதாவது ஒன்னு ஒழுங்காச் செஞ்சிருக்க" என்றார்.

சுளை வேலை அதைவிடப் பெரிய கூத்து. விடிகாலையில் அவர் ஏணி வைத்து ஏறி, காயைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவார். "ஒனக்காக இல்ல, வேனுக்காக" என்று ஒவ்வொரு காய்க்கும் ஒரு தரம் சொல்லிக்கொள்வார். நான் கை, கத்தி, பலகை எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வெட்ட உட்காருவேன். சுளையை அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, முற்றத்தில் தகரம் விரித்துப் பரப்பினேன். பரப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க உள்ளே போய் வந்தேன். அவ்வளவுதான். ஆறு குரங்குகள் தகரத்தைச் சுற்றிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கின்றன. விளக்குமாற்றோடு ஓடினேன். ஐந்து ஓடிற்று. ஆறாவது என்னை நிமிர்ந்து பார்த்து, இன்னும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, நிதானமாக எழுந்து போயிற்று. என்ன நெஞ்சழுத்தம்! நாலு துண்டு போனால் காய் போனதாகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மனம் வெறுத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேன் கண்ணில் பட்டது. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து அவர் அதை மரத்தடியில் விடுவதில்லை. கொஞ்சம் தள்ளி, பாதையோரம் முழு வெயிலில் நிற்கும். காலை ஓட்டம் முடிந்து எட்டரைக்கு வந்தால் மூன்று மணி வரைக்கும் அசையாது. கூரையைத் தொட்டால் கை சுடும். அதோடு, வேனில் ஒரு பழைய அலாரம் உண்டு. லேசாக ஆடினாலே ஊரைக் கூட்டும்.

அடுத்த நாள் அவர் வந்து படுத்ததும், வெளுத்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கூரைமேல் விரித்து, கதிரை போட்டு ஏறி, சுளையெல்லாம் பரப்பினேன். கால் மணி நேரம் போயிருக்கும். கரண்ட் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த கூட்டம் கூரைமேல் தொப்பென்று குதித்தது. அலாரம் அலறிய அலறலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பறந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். வேனைக் கடத்துகிறார்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடி இது!"

"பலாச்சுளை."

"அது தெரியுது. என் வேன் மேல எதுக்கு?"

"வேன் மேல காய் விழக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? விழலியே. நானே தூக்கி வச்சேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, வேன் எத்தன மணிக்கு வேகும்?" என்று கத்திவிட்டுப் போனான். அவருக்கு முகம் சிவந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் விரிப்பை எடுக்கச் சொல்லவும் இல்லை.

நாலாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மனுஷன் கதிரையில் ஏறி நின்று, வெயில் படாத பக்கத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வெளியில் படுக்கத் தொடங்கினார். வேனின் சாவியில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ஹோன் அடிக்கும். குரங்கு கம்பிக்கு வந்ததுமே, கண்ணைத் திறக்காமல் அழுத்துவார். காய்ந்த சுளையில் கொஞ்சத்தை எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தேன். ஒரு டின்னில் போட்டு வேனுக்குக் கொண்டுபோனார். சாயந்தரம் வெறும் டின் வந்தது. "புள்ளைங்க தின்னுட்டுதுங்க" என்றார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கும் கொஞ்சம் பொரியேன். கேக்குதுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் தாளம் போட்டது. ஆனாலும் மனுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. நிபந்தனை நிபந்தனைதான்.

சித்திரை வருடப் பிறப்பு கழிந்து ஒரு வாரம் இருக்கும். அடுத்த மாதம் மிஸ் மரம் பார்க்க வருவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்டு "ம்" என்றார். அந்த ஒரு "ம்" எனக்கு ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுத்தது. அலுமாரியின் மேல்தட்டு முழுக்கப் பிஸ்கட் டின்கள், எல்லாம் காய்ந்த சுளை. உப்புத் தண்ணீரில் போட்டது இரண்டு ஜாடி. இந்த முறை ஆற்று மணலாகத் தேடி, உலர்த்திப் புதைத்த கொட்டை ஒரு வாளி. நாற்பத்தாறு காயை ஒன்று விடாமல் ஒழுங்குபடுத்தியாயிற்று. மிச்சம் ஒன்று. உச்சியில், மணிக்கட்டுத் தடிப்புக் கிளையில், ஏணிக்கும் எட்டாமல், ஆள் ஏறினால் முறியும் இடத்தில் தொங்கியது.

"அதுக்கு மேல என்னால ஏற ஏலாது. நான் விழுந்தா வேன யாரு ஓட்டுறது?" என்றார். அதுவும் சரிதான். நீளக் கம்பில் கத்தி கட்டிப் பார்த்தேன். கல் எறிந்து பார்த்தேன். அக்கா வந்து அவர் பங்குக்கு எறிந்து பார்த்தார். அது அசையவில்லை. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காயைத்தான் பார்ப்பேன். நாளுக்கு நாள் நிறம் மாறியது. பிறகு வாசம் வந்தது. வாசம் வந்தால் குரங்கு வரும். பயமென்றால் அப்படி ஒரு பயம். ஒரு மரத்துக்காக ஒரு பெண்பிள்ளை இப்படிப் பதறுவாளா என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். திட்டி என்ன, பயம் போகவில்லை.

மிஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. குடையும் கோப்புமாகப் பாதையிலிருந்து இறங்கினார். வேன் கூரையில் விரிப்பு. அதன் மேல், டின்னிலிருந்து எடுத்து மறுபடி வெயில் காட்டிய சுளைகள். முற்றத்தில் மணல் வாளி. என் கையில், அப்போதுதான் ருசி பார்க்கத் திறந்த ஒரு பொரித்த சுளை டின். மிஸ் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மரத்தடியில் போய் நின்று, கோப்பைத் திறந்து, என் முத்து முத்தான எழுத்தைச் சிங்களத்தில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். "காய்ப்பதில்லை..."

உச்சியில் கிளை சலசலத்தது. ஒரு குரங்கு கிறீச்சிட்டது. தொம்!

மிஸ்ஸுக்குப் பத்தடி பின்னால், நாற்பத்தேழாவது பழம் விழுந்து பிளந்தது. மஞ்சள் சுளைகள் நாலா பக்கமும் தெறித்தன. வாசம் குப்பென்று எழுந்தது. மிஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பழத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"காய்க்காத மரம் என்று எழுதியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் கையிலிருந்த டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பொய் எழுதிய குற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒன்று தப்பிவிட்டது. நான் தோற்றுவிட்டேன்.

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "போன வருஷம் நெசமாவே ஒன்னும் கெடைக்கல மிஸ். இந்த வருஷம் இவ போட்ட சத்தத்துல பயந்து காய்ச்சிருச்சு" என்று அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரர் விடவில்லை. "மனுவ வேணான்னு எழுதிக் குடுத்துர்றோம். மரம் நிக்கட்டும்."

என் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "அப்ப வேனு?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்ன நங்கி, இன்னும் வேன் வரல்ல? மல்லி போன மாசம் வேன் நிப்பாட்ட எடம் கேட்டது. நானும் எங்க வீட்டு முத்தம் எல்லாம் சுத்தம் பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கிறது."

போன மாதம்! நான் அவர் பக்கம் திரும்பினேன். மனுஷன் செருப்பைக் குனிந்து சரிசெய்கிறார்.

நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். மிஸ் ஒரு டின் காய்ந்த சுளையோடும், "இனி எழுதுவதைப் பார்த்து எழுதுங்கள்" என்ற புத்திமதியோடும் போனார். குடை பாதை வளைவில் மறையும் வரை பொறுத்திருந்தேன்.

"போன மாசமே முடிவு பண்ணிட்டு, ஏன் சொல்லல? நான் ஒரு மாசமாத் தூங்கல, தெரியுமா?"

"சொல்லியிருந்தா," என்றார், வெகு அமைதியாக, "அதுக்கப்புறம் நீ இத்தன டின்னு போட்டிருப்பியா?"

நான் பயந்த பயத்துக்கு அந்த மனுஷனை எதை எடுத்து அடித்தாலும் தகும். கையில் இருந்தது பொரித்த சுளைதான். அள்ளி அவர் முகத்தைப் பார்த்து வீசினேன். ஒன்றை வாயாலேயே பிடித்து, மென்று, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.